ரோட்டோரம் ஃபைபர் போகிறது, ஊருக்குள் ஏன் வரவில்லை?

வயக்காட்டான்:
சேலம் – உளுந்தூர்பேட்டை நான்குவழிச் சாலையிலிருந்து எங்கள் ஊர் இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது, சின்னசேலம் பக்கம். சாலையோரம் பள்ளம் பறித்து ஆரஞ்சு பைப்பைச் சுருள் சுருளாக இறக்கிப் புதைத்தார்கள், இப்போது வரிசையாகக் கல் நட்டு ‘ஓஎஃப்சி’ (கண்ணாடி இழைக் கேபிள்) என்று எழுதியிருக்கிறது. ஊருக்குள்ளோ ஒரு வீட்டிலும் இன்டர்நெட் இணைப்பு இல்லை, கல்லூரி விண்ணப்பம் போடக்கூடப் பிள்ளைகள் டவுனுக்குத்தான் போகிறார்கள். அந்தக் கேபிளிலிருந்தே எங்களுக்கு ஒரு லைன் பிரித்துத் தர முடியாதா?

ஸ்ப்ளைசர்:
கேபிள் வேலையில் இருக்கிறேன் அண்ணே. ஊர் தலைக்கு மேல் ஹை டென்ஷன் லைன் போனாலும் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் வீட்டில் பல்பு எரியாது இல்லையா, இதுவும் அப்படித்தான். அது நகரத்துக்கு நகரம் போகிற லைன். நினைத்த இடத்தில் வெட்டி எடுக்க முடியாது, ஜாயின்ட் போட்ட சேம்பரில்தான் (மண்ணுக்குள் கட்டிய சின்னத் தொட்டி) பிரிக்கலாம். பிரித்தாலும் பக்கத்தில் ஓர் அறை, கரண்ட், பேட்டரி, வீடுகளுக்கு இணைப்பு கொடுக்கிற ஓஎல்டி கருவி எல்லாம் வேண்டும். இதில் பெரிய செலவு கண்ணாடி இழைக்கு இல்லை, பள்ளம் பறிப்பதற்குத்தான். அதனால்தான் ரோடு போடும்போதே காலி பைப்பையும் சேர்த்துப் புதைத்துவிட வேண்டும் என்று நாங்கள் கரடியாய்க் கத்துகிறோம்.

மணிமுத்தாறு:
தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2023இல் அதைத்தான் அறிவித்தது, நாடு முழுக்கச் சுமார் 10,000 கி.மீ.க்கு ஃபைபர் வசதி. டெல்லி – மும்பை விரைவுச் சாலையில் கேபிளுக்கென்றே 3 மீட்டர் அகலப் பாதை ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் கிராமத்துக்கு வரவேண்டியது பாரத்நெட் வழியாக. 2011இல் வேறு பெயரில் ஒப்புதல் பெற்ற திட்டம் அது, வட்டாரத் தலைமையிடத்திலிருந்து ஊராட்சி அலுவலகம் வரை ஃபைபர். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கு மாநில அரசு நிறுவனமான டான்ஃபினெட் அதைச் செய்கிறது, பெரும்பாலும் மின்கம்பங்கள் வழியாக. அதனால் முதலில் உங்கள் ஊராட்சி அலுவலகம் வரை வந்துவிட்டதா என்று பாருங்கள்.

ஸ்ப்ளைசர்:
வந்தாலும் நிலைக்க வேண்டுமே! ஒரே நீட்டாகப் போட்ட லைனில் ஜேசிபி ஓரிடத்தில் அறுத்தால் அதற்கு அப்பால் இருக்கிற ஊரெல்லாம் அவுட். 2023இல் ஒப்புதல் கிடைத்த திருத்திய பாரத்நெட்டில் ரிங்காக இணைக்கச் சொல்லியிருக்கிறார்கள், ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கமாக ஓடும். நெடுஞ்சாலைப் பைப்பை அந்த ரிங்கின் ஒரு பக்கமாக வாடகைக்கு எடுத்தால் எத்தனை கிலோமீட்டர் தோண்டுவது மிச்சம்! இரண்டு துறையும் உட்கார்ந்து பேசினால் நடக்கும், பேச வைக்க வேண்டும்.

வயக்காட்டான்:
சரி, புரிகிறது. அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் போடலாம் என்று இருக்கிறோம். என்னவென்று எழுதுவது?

மணிமுத்தாறு:
‘இன்டர்நெட் வேண்டும்’ என்று பொதுவாக எழுதாதீர்கள். ஊராட்சி அலுவலகத்துக்கு, பள்ளிக்கு, துணை சுகாதார நிலையத்துக்கு என்று இடம் சொல்லிக் கேளுங்கள். ஊர்ச் சாலையைப் புதுப்பிக்கும்போது காலி பைப் பதிக்க வேண்டும் என்பதையும் சேருங்கள். நகலை வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் ஆட்சியருக்கும் அனுப்புங்கள்.

ஸ்ப்ளைசர்:
அப்புறம், சாலையோரம் நடந்து பார்த்து கான்கிரீட் மூடி போட்ட சேம்பர் எந்த கிலோமீட்டர் கல் பக்கத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மூடியைத் திறக்க வேண்டாம். அந்த இடத்தையும் மனுவில் எழுதினால் சர்வே எடுக்க வருகிறவருக்கு உதவும்.