ருமேனியாவை மட்டும் மாஸ்கோ விட்டுவைத்தது ஏன்? விளக்கம் தேவை

அனைவருக்கும் வணக்கம். கிழக்கு ஐரோப்பிய நாடுகளைச் சோவியத் ஒன்றியம் தன் பிடிக்குள் வைத்திருந்த விதம் குறித்து ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். அதில் ஓரிடத்தில் முடிச்சு அவிழாததால், வரலாறு படித்தவர்களின் உதவியை நாடுகிறேன்.

படைபலத்தின் பங்கு எளிதில் விளங்குகிறது. 1956 நவம்பரில் ஹங்கேரிப் பிரதமர் இம்ரே நாகி, சோவியத் தலைமையிலான ராணுவக் கூட்டணியான வார்சா ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்த சில நாட்களிலேயே சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டைத் தாக்கின; 1958இல் அவர் தூக்கிலிடப்பட்டார். ஆனால் டாங்கிகள் மட்டுமே மாஸ்கோவின் கருவியாக இருக்கவில்லை. சோவியத் மார்ஷலான ரொகொசோவ்ஸ்கியே 1949 முதல் 1956 வரை போலந்தின் பாதுகாப்பு அமைச்சராக இருந்தார் (ஒரு நாட்டின் ராணுவத்தை இதைவிட வெளிப்படையாகக் கையில் வைத்திருக்க முடியுமா என்ன!). 1968இல் செக்கோஸ்லோவாக்கியாவிலோ, மாஸ்கோவைத் தலையிடுமாறு கோரி அந்நாட்டுக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர்கள் சிலரே எழுதிய கடிதம், படையெடுப்புக்கு முன்பே, பிராட்டிஸ்லாவாவில் ஒரு கழிப்பறையில் ரகசியமாகக் கைமாறியது.

எனக்குப் பிடிபடாதது ருமேனியாதான். 1968இல் வார்சா ஒப்பந்தப் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் புகுந்த அந்தப் படையெடுப்பில் சேர மறுத்ததோடு நில்லாமல், ருமேனியத் தலைவர் சௌசெஸ்கு அதைப் பொதுக்கூட்டத்திலேயே கண்டித்த பிறகும் மாஸ்கோ அங்கே படை அனுப்பவில்லை. சோவியத் படைகள் 1958இலேயே அங்கிருந்து வெளியேறியிருந்ததும், நேட்டோ நாடு எதனுடனும் அதற்கு எல்லை இல்லாததும் காரணங்களாக இருக்கலாம். எனினும் உள்நாட்டில் கட்சியின் பிடி சற்றும் தளராததே முதன்மைக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. இதை உறுதிப்படுத்தும் அல்லது மறுக்கும் ஆவணங்களை அறிந்தவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன். தமிழில் நூல் ஏதேனும் இருப்பின் அதையும் குறிப்பிட வேண்டுகிறேன்.