ஹப்பர்ட் சங்கிலியில் அலைநீளம் பாதியாக வருகிறது, அவசரம்

கடைசிபெஞ்ச்: டிஎம்ஆர்ஜி (எலெக்ட்ரான் சங்கிலியின் மிகக் குறைந்த ஆற்றல் நிலையைத் தேடும் கணினி முறை) ஓட்டுகிறேன். ஹப்பர்ட் மாதிரி (எலெக்ட்ரான்கள் தளம் தளமாகத் தாவும், ஒரே தளத்தில் சேர்ந்தால் விலக்கும்), 65 தளம். மின்சுமை அடர்த்தி நான்கு தளத்துக்கு ஒருமுறை ஏறி இறங்க வேண்டும். எனக்கு இரண்டுக்கு ஒருமுறை வருகிறது. நாளை கைடிடம் காட்டணும். எங்கே தப்பு?

நூல்கண்டு: எத்தனை எலெக்ட்ரான்? யு, அதாவது அந்த விலக்கல், எவ்வளவு? முனை திறந்ததா, வளையமா? வளையம் என்றால் அலைவே தெரியாதே.

நண்டு: பாண்ட் டைமென்ஷன் (கணக்கில் விடாமல் வைத்திருக்கும் நிலைகளின் எண்ணிக்கை) எவ்வளவு? பாதி வியாதிக்கு அதுதான் காரணம்.

கடைசிபெஞ்ச்: 32 எலெக்ட்ரான், திறந்த முனை, யு = 10டி (டி என்பது தாவும் ஆற்றல்).

மூத்தவன்: இதற்கெல்லாம் ஒரு இழையா? கேஎஃப் என்பது நிரம்பிய நிலைகளில் மிகப் பெரிய அலை எண். கால் நிரப்பலில் (ஏறத்தாழ இரண்டு தளத்துக்கு ஓர் எலெக்ட்ரான்) 2கேஎஃப் = π/2, அலைநீளம் 4. யு பெரிதானால் எலெக்ட்ரான்கள் ஒரே தளத்தில் சேராது, ஸ்பின் இல்லாத ஃபெர்மியான் போல நடக்கும். அப்போது 4கேஎஃப் தலைதூக்கும், அலைநீளம் 2. புத்தகத்தைத் திறந்து பாரும்.

அலைமோதி: அப்படியானால் இது விக்னர் படிகம், விலக்கலால் எலெக்ட்ரான்கள் சம இடைவெளியில் அடுக்கி நிற்பது!

மூத்தவன்: இல்லை. ஒற்றைப் பரிமாண விக்னர் படிகம் பற்றி 1993-இல் ஷுல்ஸ் சொன்னது நெடுந்தூரக் கூலும் விலக்கலுக்கு. ஹப்பர்டில் கே-ரோ (விலக்கல் கூடக் கூடக் குறையும் எண்) 1/2-க்குக் கீழே போகாது. முனையிலிருந்து விலக விலக 2கேஎஃப் அலைவு தேயும் அடுக்கு (1+கே-ரோ)/2, 4கேஎஃப்புக்கு 2கே-ரோ. 1/2 என்று போட்டால் 3/4-க்கு எதிரே 1. அடுக்கு சிறியது மெதுவாகத் தேயும், ஆகவே தூரத்தில் 2கேஎஃப்தான் மிஞ்சும்.

அலைமோதி: வீச்சே இல்லாதது மிஞ்சி என்ன பயன்? 65 தளத்தில் எது ஐயா தூரம்?

மூத்தவன்: அடுக்கு வேறு, வீச்சு வேறு. முதலில் அதைப் பிரித்துப் படியும்.

நூல்கண்டு: சண்டை அப்புறம். கடைசிபெஞ்ச், யு = 0 வைத்து ஓட்டுங்கள். 4 வந்தால் மூத்தவர் சொன்னது சரி.

கடைசிபெஞ்ச்: யு = 0-விலும் 2தான்!! ஆற்றல்கூட அப்படியே இருக்கிறது.

நூல்கண்டு: தொடக்க நிலையில் ஸ்பின் எப்படிப் போட்டீர்கள்? மொத்த எஸ்-இசட் (மேல் ஸ்பினுக்கும் கீழ் ஸ்பினுக்கும் உள்ள வித்தியாசம்) மாறாதபடி ஓட்டினால், அங்கே போட்டதுதான் கடைசி வரை. எல்லாம் மேல் ஸ்பின் என்றால் பவுலி விதியே ஒரு தளத்தில் இரண்டை விடாது, யு-வுக்கு வேலையே இல்லை. கேஎஃப்பும் இரட்டிப்பாகும்.

கடைசிபெஞ்ச்: ஐயோ. ஒரு தளம் விட்டு ஒரு தளம் "மேல்" என்று போட்டு வைத்திருக்கிறேன், 32-உம். மேல் 16, கீழ் 16 ஆக்கினேன், யு = 0-வில் 4 வந்துவிட்டது. நன்றி அண்ணா. யு = 10 ஓடுகிறது.

மூத்தவன்: அதில் 4கேஎஃப் வரும், பாரும்.

நண்டு: பாண்ட் டைமென்ஷன் இன்னும் சொல்லவில்லை.