சிக்குன்குனியா 32 வருஷம் எங்கே போயிருந்தது?

தாமிரக்கரை:
அம்மாவுக்கு சிக்குன்குனியா வந்து நாற்பது நாள் ஆகிறது. காய்ச்சல் மூன்றே நாளில் விட்டுவிட்டது, ஆனால் காலையில் எழுந்தால் விரல் மடங்க மாட்டேன் என்கிறது, காபி டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து அணைத்துத்தான் குடிக்கிறார். 2006-ல் தெருவே படுத்துக் கிடந்தபோது இவர் ஒருவர்தான் தப்பித்தார். 1964-ல் சென்னையில் வந்த நோய், 1973-ல் மகாராஷ்டிராவின் பார்சியில் வந்ததற்கு அப்புறம் பேச்சே இல்லை என்கிறார்கள். பிறகு எப்படி அத்தனை பேரையும் ஒரேயடியாகச் சாய்த்தது?

லேப் கண்ணன்:
வணக்கங்க. இங்கே அடங்கிக் கிடந்ததே தவிர, அது ஒழியவில்லை. ஆப்பிரிக்கக் காடுகளில் குரங்குக்கும் கொசுவுக்கும் நடுவே எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கிற வைரஸ். 2004-ல் கென்யக் கடற்கரையில் கிளம்பி, தீவு தீவாகத் தாவி, இந்தியப் பெருங்கடலில் இருக்கிற ரீயூனியன் தீவில் மூன்றில் ஒருவரைப் படுக்க வைத்தது, 2005 கடைசியில் இங்கேயும் வந்துவிட்டது. சென்னையில் அன்று வந்தது ஆசிய வகை, இது ஆப்பிரிக்க வகை. ஒருமுறை வந்தவர்களுக்குப் பெரும்பாலும் மறுபடி வராது, ஆனால் அந்த 32 வருஷத்தில் பிறந்த யார் உடம்பிலும் எதிர்ப்பு சக்தி இல்லையே! 2006-ல் மட்டும் நாடு முழுக்க 13 லட்சம் பேருக்கு மேல் இந்த நோய் இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டது. அம்மா அன்று தப்பியதால்தான் இன்று மாட்டிக்கொண்டார்.

மலையோரம்:
2007-ல் நான் கோட்டயம் பக்கம் வேலையில் இருந்தேன். ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டும் சிரட்டை இருக்கிறதே, மழையில் அதில் தேங்கும் ஒரு கை தண்ணீர் போதும். வைரஸின் மேலுறைப் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியது, அதோடு தோட்டங்களில் இருக்கும் ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுவிலும் நன்றாகப் பெருக ஆரம்பித்தது. நகரத்துக் கொசுவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

லேப் கண்ணன்:
சரியாகச் சொன்னீர்கள். தாமிரக்கரை, தொட்டித் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாதுங்க, உள்சுவரை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும், தண்ணீர் பட்டதும் பொரியும். வீட்டில் வேறு யாருக்காவது காய்ச்சல் வந்தால், டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம்.

தாமிரக்கரை:
ரொம்ப நன்றி. இப்போதுதான் கொல்லையில் போய்ப் பார்த்தேன். பத்து வருஷமாகத் தொடாத ஆட்டுக்கல் குழியில் மழைத்தண்ணீர், அதில் புழு நெளிகிறது. அம்மா தினமும் உட்காரும் திண்ணைக்கு நாலடி தூரத்தில்.