ஊரடங்கில் போட்டித் தேர்வுப் படிப்பு: ஊக்கம் குறையாமல் இருப்பது எப்படி?

கேள்வி (மே 2021):
தமிழ்நாடு அரசுப் பணிக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 தேர்வுக்குப் படித்து வருகிறேன். மே 10 முதல் முழு ஊரடங்கு என்பதால் நூலகமும் மூடிக் கிடக்கிறது. தேர்வு எப்போது என்றே தெரியாத நிலையில், புத்தகத்தைத் திறந்தாலும் கை தானாகக் கைபேசிக்குப் போய்விடுகிறது. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில் 1:
தேதியை நம்பிப் படிக்காதீர்கள், தம்பி. 2020 ஏப்ரல் 5 அன்று நடக்கவிருந்த குரூப் 1 முதல்நிலைத் தேர்வு தள்ளிப்போய், 2021 ஜனவரி 3 அன்றுதான் நடந்தது. அந்த இடைவெளியில் ஆறாம் வகுப்புப் பாடநூலிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பாடத்தின் பின்னுள்ள வினாக்களுக்கும் புத்தகம் பாராமல் விடை எழுதிப் பார்த்தேன். வெறுமனே வாசிப்பதைவிட அதுவே மனத்தில் நின்றது.

பதில் 2:
அண்ணன் சொல்வது சரிதான். ஆனால் வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டு, ஆக்சிமீட்டரும் கபசுரக் குடிநீருமாக நாள் ஓடும்போது அட்டவணையெல்லாம் செல்லாது. அன்று நடப்பு நிகழ்வுகளை மட்டும் பார்த்துவிட்டு உறங்குங்கள்.

பதில் 3:
நானும் தோழியரும் கூகுள் மீட்டில் ஒலியை அணைத்து, கேமராவை மேசைப் பக்கம் திருப்பி வைத்துச் சேர்ந்து படிக்கிறோம். யார் எழுந்து போனாலும் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும் என்பதே போதிய கட்டுப்பாடு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும் பாருங்கள், தேர்வுக்கு அப்பாலும் வாசிக்க அங்கே நிறைய நூல்கள் இலவசமாகவே உள்ளன.