மார்மன் சபை குடும்பத்துல இருந்து அக்காவுக்கு வரன் வந்திருக்கு, நம்ம சபைக்கும் அவங்களுக்கும் உண்மையில என்னதான் வித்தியாசம்?

தண்டையார்பேட்டை தம்பி:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நாங்க தண்டையார்பேட்டை, தாத்தா காலத்துல இருந்தே சிஎஸ்ஐ. அக்காவுக்கு ஒரு வரன் வந்திருக்கு, பையன் பெரம்பூர் பக்கம், ஐடி வேலை, தண்ணி சிகரெட் எதுவும் கிடையாது, பேச்சும் ரொம்ப தன்மை. தரகர் கிறிஸ்தவங்கன்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தாரு. போன வாரம் பொண்ணு பாக்க வந்தப்ப அம்மா இஞ்சி தட்டிப் போட்டு டீ வச்சாங்க, எல்லா டம்ளரும் ஆடை கட்டி அப்படியே உக்காந்திருக்கு, ஒருத்தரும் கை வைக்கல, கடைசில பையனோட அம்மா சங்கடப்பட்டுகிட்டே "நாங்க டீ காபி எடுத்துக்கறதில்லங்க, பால் இருந்தா குடுங்க"ன்னாங்க. அப்புறம் விசாரிச்சாதான் தெரியுது அவங்க மார்மன் சபையாம். முழுப் பேரு பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை.

அப்பாவுக்கு பையனப் புடிச்சிருக்கு, பேருலயே இயேசு கிறிஸ்து இருக்கே, பெந்தெகொஸ்தே மாதிரி இதுவும் ஒரு சபைதானேங்கிறாரு. சித்தப்பா என்னடான்னா அவனுங்க நாலஞ்சு பொண்டாட்டி கட்டுவானுங்க, வேற பைபிள் வச்சிருக்கானுங்கன்னு குதிக்கிறாரு. எங்க சபை ஐயர், அதான் பாஸ்டர்கிட்ட கேட்டா "வேணாம் தம்பி"ன்னு ஒரே வார்த்தை, காரணம் சொல்ல அவருக்கு நேரமில்ல. உண்மையிலயே எங்க வித்தியாசம்னு தெரிஞ்சவங்க கொஞ்சம் வெவரமா சொல்லுங்க. அக்காவும் இதப் படிக்கப் போறா, அதனால திட்டி எழுதாதீங்க ப்ளீஸ்.

காசிமேட்டுக் காத்து:

இன்னாபா இது, டீ குட்க்காத மாப்ளய வச்சிகினு எப்டி குடும்பம் நடத்துறது. சரி வுடு, தண்ணி போடாத பையன் கெடைக்கிறதே நம்ம ஏரியால பெரிய விஷயம், அத்த மொதல்ல யோசி.

ஞாயிறு பள்ளி வாத்தியார்:

தம்பி, டீயையும் நாலு பொண்டாட்டிக் கதையையும் ஓரமா வையி, அதுல ஒண்ணும் இல்ல. பலதார மணம் ஒரு காலத்துல இருந்தது நெசம், 1890ல அவங்க தலைவர் வில்ஃபர்ட் உட்ரஃப் அறிக்கை விட்டு நிறுத்திட்டாரு, இப்ப யாராவது ரெண்டாவது கட்டுனா சபையே வெளில தள்ளிடும். இன்னமும் அத செய்யறவங்க பிரிஞ்சு போன வேற கூட்டம். அதனால சித்தப்பா சொல்ற காரணம் தப்பு. ஆனா அப்பா சொல்றதும் சரியில்ல. பெந்தெகொஸ்தேக்கும் நமக்கும் அன்னிய பாஷை, முழுக்கு ஞானஸ்நானம்னு ஆயிரம் சண்டை இருந்தாலும் தேவன் யாருன்னு கேட்டா பெரும்பாலும் ரெண்டு பேரும் ஒரே பதிலத்தான் சொல்வோம். இவங்ககிட்ட அந்தப் பதிலே வேற.

முதல்ல ஆரம்பம் எப்படின்னு சொல்றேன். அமெரிக்கால நியூயார்க் மாகாணத்துல பால்மைரான்னு ஒரு ஊரு, அங்க ஜோசப் ஸ்மித்னு ஒரு பதினாலு வயசுப் பையன், எந்த சபைல சேரலாம்னு 1820ல தோப்புக்குள்ள போய் ஜெபம் பண்றான், பிதாவும் குமாரனும் ரெண்டு ஆளா கண்ணு முன்னாடி நின்னாங்க, எதுலயும் சேராத, இருக்கிற விசுவாசப் பிரமாணம் எல்லாமே தேவனுக்கு அருவருப்புன்னு சொன்னாங்கன்னு பின்னாடி எழுதி வச்சாரு. அப்புறம் மரோனின்னு ஒரு தூதன் வந்து பொன் தகடு புதைச்சிருக்கிற எடத்தக் காட்டுனதாவும், அதுல இருந்து மொழிபெயர்த்ததா மார்மன் புத்தகம் 1830ல அச்சாச்சுன்னும் வரலாறு. அதே வருஷம் ஏப்ரல் 6 சபை ஆரம்பம். இதுல நீ கவனிக்க வேண்டியது என்னன்னா, மார்ட்டின் லூதர் மாதிரி சபைய சீர்திருத்துறேன்னு இவங்க வரல, அப்போஸ்தலர்கள் காலத்துக்கப்புறம் அதிகாரமே பூமிய விட்டுப் போயிடுச்சு, நடுவுல இருந்த பதினேழு பதினெட்டு நூற்றாண்டு சபைக்கும் அந்த அதிகாரம் இல்ல, நாங்கதான் திரும்பக் கொண்டு வந்தோம்னு வந்தாங்க. பாதாளத்தின் வாசல்கள் சபைய மேற்கொள்ளாதுன்னு மத்தேயு 16ல ஆண்டவர் சொன்னத நம்புற நமக்கு இது தொண்டைக்குள்ள எறங்காது.

சரி, தேவன் யாரு? நமக்கு பிதா குமாரன் பரிசுத்த ஆவி ஒரே தேவன், ஒரே சாரம். ஒவ்வொரு வாரமும் சர்ச்சுல எந்திரிச்சு நின்னு விசுவாசப் பிரமாணம் சொல்றமே, அதேதான். அவங்களுக்கு மூணு பேரும் தனித்தனி ஆள், நோக்கத்துல மட்டும்தான் ஒண்ணு. அதுவும் பிதாவுக்கு நம்மள மாதிரியே மாம்சமும் எலும்பும் உள்ள சரீரம் இருக்குன்னு அவங்க 'கோட்பாடும் உடன்படிக்கைகளும்' புத்தகத்துல 130வது அதிகாரத்துல நேராவே இருக்கு. தேவன் ஆவியாயிருக்கிறார்னு யோவான் 4ல நாம மனப்பாடம் பண்ணதுக்கு எதிர்.

இதவிடப் பெரிசு ஒண்ணு. 1844 ஏப்ரல்ல, தான் சாகறதுக்கு கிட்டத்தட்ட மூணு மாசம் முன்னாடி, ஒரு அடக்கப் பிரசங்கத்துல ஜோசப் ஸ்மித் சொன்னாரு, தேவனும் ஒரு காலத்துல நம்மள மாதிரி இருந்தவருதான், உயர்த்தப்பட்ட மனுஷன்தான்னு. பின்னாடி சபைத் தலைவரான லொரென்சோ ஸ்னோவும் அத ரெண்டு வரி பாட்டாவே சொல்லிருக்காரு, மனுஷன் இப்ப இருக்கிற மாதிரி தேவன் முன்ன இருந்தார், தேவன் இப்ப இருக்கிற மாதிரி மனுஷன் ஆகலாம்னு. ஏசாயா 43:10 எடுத்துப் பாரு, "எனக்குமுன் ஏற்பட்ட தேவன் இல்லை, எனக்குப்பின் இருப்பதும் இல்லை." இந்த ரெண்டும் ஒரே வீட்டுல குடியிருக்க முடியாது. மத்த வித்தியாசம் எல்லாம் இதுல இருந்து கெளம்புறதுதான். நாம படைக்கப்பட்டவங்க, அவர் படைச்சவர், நடுவுல தாண்ட முடியாத கோடுன்னு நாம சொல்றோம். அவங்களுக்கு அந்தக் கோடே கிடையாது, பொறக்கறதுக்கு முன்னாடியே நாம எல்லாரும் ஆவியா பரலோகப் பிதாவோட பிள்ளைங்களா இருந்தோம், இயேசு மூத்தவர், சாத்தானான லூசிபரும் அந்த ஆவிப் பிள்ளைங்கள்ல ஒருத்தன்தான்னு போகுது. உலகத்தையும் ஒண்ணுமில்லாமைல இருந்து படைக்கல, ஏற்கெனவே இருந்த பொருள வச்சு ஒழுங்கு பண்ணாருங்கிறாங்க.

தண்டையார்பேட்டை தம்பி:

வாத்தியாரே ரொம்ப தேங்க்ஸ். அப்போ பைபிள் வேற வேறயா? பையன் கைல இருந்தது நம்ம பைபிள் மாதிரிதான் தெரிஞ்சுது.

ஞாயிறு பள்ளி வாத்தியார்:

நம்ம பைபிளேதான். ஆனா சரியா மொழிபெயர்க்கப்பட்ட அளவுக்கு தேவ வார்த்தைன்னு ஒரு நிபந்தனை உண்டு. கூடவே மார்மன் புத்தகம், கோட்பாடும் உடன்படிக்கைகளும், விலையேறப்பெற்ற முத்துன்னு இன்னும் மூணு. இது போக உயிரோட இருக்கிற தீர்க்கதரிசி, அதாவது சபைத் தலைவர், இப்பவும் வெளிப்பாடு வாங்கலாம். கறுப்பின ஆம்பளைங்களுக்கு ஆசாரியத்துவம், அதாவது சபைச் சடங்கு நடத்துற அதிகாரம், இல்லைன்னு ரொம்ப வருஷம் வச்சிருந்தாங்க, 1978ல வெளிப்பாடு வந்ததுன்னு மாத்திட்டாங்க. மாத்துனது நல்லதுதான், ஆனா வேதம் முடிஞ்ச விஷயமா தொடர்ந்துட்டே இருக்கிற விஷயமாங்கிறதுல ரெண்டு பேரும் வேற வேற பக்கம் நிக்கிறோம்னு இதுல தெரியுது. கலாத்தியர் 1:8ல வானத்துல இருந்து தூதன் வந்து வேற சுவிசேஷம் சொன்னாலும் கேக்காதன்னு பவுல் சொல்றத நம்மாளுங்க இதுக்குத்தான் திரும்பத் திரும்பக் காட்றது.

பெரம்பூர் லோக்கோ:

நான் அந்த சபைதான் பிரதர், குடும்பத்தோட போறேன். வாத்தியார் திட்டாம எழுதுனதுக்கு நன்றி, பெரும்பாலும் சரியாத்தான் சொல்லிருக்காரு, ஆனா எங்க பக்கமும் கொஞ்சம் கேளுங்க.

நிசேயா விசுவாசப் பிரமாணம் 325ல ரோமப் பேரரசர் கூட்டுன சங்கத்துல வந்தது, பைபிள்ல அந்த 'ஒரே சாரம்'ங்கிற பேச்சு எங்க இருக்குன்னு காட்டுங்க. ஆண்டவர் யோர்தான்ல ஞானஸ்நானம் எடுக்கறப்ப குமாரன் தண்ணில, ஆவியானவர் புறாவா, பிதாவோட சத்தம் வானத்துல. ஸ்தேவான் சாகறப்ப தேவனோட வலது பக்கம் இயேசு நிக்கிறதப் பாக்கறாரு, அப்போஸ்தலர் 7. படிக்கிற சாதாரண ஆளுக்கு மூணு பேர்னுதானே படும்? யோவான் 17ல சீஷர்கள் நம்மைப்போல ஒன்றாயிருக்கணும்னு ஜெபிக்கிறாரு, சீஷர்கள் எல்லாரும் ஒரே ஆளா ஆயிட்டாங்களா?

அப்புறம் தேவன் முன்ன மனுஷனா இருந்தாருங்கிற பேச்சு இப்ப எங்க ஆராதனைல ஒண்ணும் அடிக்கடி வர்றதில்ல, நான் அத வச்சு ஒரு பிரசங்கம்கூட கேட்டதில்ல. நாங்க சொல்றது ரோமர் 8ல இருக்கிற மாதிரி பிள்ளைகள்னா சுதந்தரவாளிகள், பிதாவுக்குள்ளது எல்லாம் பிள்ளைக்கும் வரும்ங்கிறதுதான். டீ காபி விஷயம் 1833ல வந்த ஞான வார்த்தைன்னு ஒரு வெளிப்பாடு, மது புகையிலை கூட சூடான பானம்னு இருக்கு, அதுக்கு அர்த்தம் டீயும் காபியும்னு வச்சுக்கிட்டோம். பாலு, ஹார்லிக்ஸ், சுக்குத் தண்ணி எல்லாம் தாராளமா குடிப்போம், அடுத்த தடவ சுக்கு போடச் சொல்லுங்க 🙂

எங்க வீட்டுல ஆண்டவர் பேர்லதான் ஜெபம், அவர் சிலுவைல சிந்துன ரத்தம்தான் மீட்புன்னு நம்பறோம். எங்கள கிறிஸ்தவங்களே இல்லன்னு ஒரே போடா போடறப்ப மனசு வலிக்குது, அவ்ளோதான்.

ராயபுரத்து ரோசரி:

நான் கத்தோலிக்க ஆளு, ராயபுரம். லோக்கோ தம்பி மனசு வலிக்குதுன்னதுல எனக்கும் வருத்தம்தான், ஆனா ஒரு விஷயம் நீங்களே சொல்லுங்க, சிஎஸ்ஐ ஞானஸ்நானத்த உங்க சபை ஏத்துக்குதா? ஏத்துக்காது, இந்தப் பொண்ணு உங்க சபைல சேந்தா மறுபடி முழுக்கு எடுக்கணும், ஏன்னா எங்ககிட்ட அதிகாரமே இல்லைங்கிறது உங்க அடிப்படை. எங்க சைடுலயும் உங்க ஞானஸ்நானத்த ஏத்துக்கறதில்ல. சிஎஸ்ஐல ஞானஸ்நானம் வாங்குன ஆளு கத்தோலிக்கத்துக்கு வந்தா திரும்பக் குடுக்க மாட்டோம். உங்க சபைலயும் பிதா குமாரன் பரிசுத்த ஆவி பேர்லதான் முழுக்கு, வார்த்தை கிட்டத்தட்ட அதேதான், இருந்தும் 2001ல வத்திக்கான் அது செல்லாதுன்னு சொல்லிடுச்சு. காரணம் சடங்கு இல்ல, அந்த மூணு பேரப் பத்தின நம்பிக்கையே வேறங்கிறதுதான். ஆக ரெண்டு பக்கமும் கணக்கு ஒண்ணுதான், யாரும் யாரையும் கேவலப்படுத்தல, ஒருத்தர் ஞானஸ்நானம் இன்னொருத்தருக்குச் செல்லாதுன்னு ரெண்டு பேருமே எழுத்துல வச்சிருக்கோம்.

மனுஷன் தேவன் ஆகலாம்ங்கிறத கேட்டதும் நம்மாளுங்க பதறுவாங்க, ஆனா நாலாம் நூற்றாண்டுல அத்தனாசியுஸ் புனிதரே நாம தெய்வமாகும்படி அவர் மனுஷனானார்னு எழுதிருக்காரு. அதுல அர்த்தம் கிருபையால தேவனோட வாழ்வுல பங்கு வாங்கறது, அவர மாதிரி இன்னொரு தேவனா ஆகறது இல்ல. இரும்பு நெருப்புல கெடந்தா செவக்கும், அதுக்காக இரும்பு நெருப்பாயிடாது. உங்களுதுல மனுஷனும் தேவனும் ஒரே இனம், ஒருத்தர் முன்னாடி போயிட்டாரு, நாம பின்னாடி போறோம். வாத்தியார் சொன்ன அந்தக் கோடு இதுதான்.

மோட்ச விஷயத்துல எனக்குத் தனிப்பட்ட முறைல ஒரு ஆச்சரியம் உண்டு. அவங்க கணக்குல மூணு மகிமை, அதாவது மோட்சத்துல மேல இருந்து கீழ மூணு நிலை, சிலெஸ்டியல், டெரெஸ்ட்ரியல், டெலெஸ்டியல். கொலகாரன் பொய்க்காரன்கூட தண்டனை அனுபவிச்சு முடிச்சு கடைசி மகிமைக்குப் போயிடுவான், நிரந்தர நரகம் மாதிரியான புற இருளுக்குப் போறது ரொம்ப சில பேருதான். நரக விஷயத்துல நம்மள விட தாராள மனசு. ஆனா மேல போகப் போக கெடுபிடி, உச்சத்துக்குப் போகணும்னா கோயில்ல முத்திரையிட்ட கல்யாணம் வேணும். கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்னு எபேசியர் 2 சொல்லுது, அவங்க மார்மன் புத்தகம் 2 நேபி 25:23ல நம்மால ஆனதெல்லாம் செஞ்ச பிறகு கிருபையால இரட்சிப்புன்னு வருது. செத்தவங்களுக்கு பதிலா உயிரோட இருக்கிறவங்க ஞானஸ்நானம் எடுக்கறதும் உண்டு, 1 கொரிந்தியர் 15:29தான் ஆதாரம்னு காட்டுவாங்க.

காசிமேட்டுக் காத்து:

செத்துப் போன எங்க தாத்தாவுக்கு நான் தண்ணில முங்குனா அவருக்கு வேணாம்னா இன்னா பண்ணுவாரு?

பெரம்பூர் லோக்கோ:

நல்ல கேள்வி பிரதர். ஏத்துக்கறதும் மறுக்கறதும் அவர் இஷ்டம், நாங்க வாய்ப்பு மட்டும்தான் குடுக்கறோம்.

தண்டையார்பேட்டை தம்பி:

அக்கா எல்லாத்தையும் படிச்சிட்டா, ரெண்டு கேள்வி கேக்கச் சொன்னா. ஒண்ணு, அவ சபை மாறாமலே கட்டிக்கலாமா, அப்படிக் கட்டுனா நாங்க எல்லாரும் கல்யாணத்தப் பாக்க முடியுமா. ரெண்டு, பொறக்கற குழந்தைக்கு என்ன ஆகும்.

ஞாயிறு பள்ளி வாத்தியார்:

நம்ம பக்கம் சொல்றேன். சிஎஸ்ஐல மூணு ஞாயிறு சர்ச்சுல கல்யாண அறிவிப்பா ஓலை வாசிக்கணும், மாப்பிள்ளையோட சபை, ஞானஸ்நானம் எல்லாம் கேப்பாங்க, அதனால ஐயர் வேணாம்னது அவர் சொந்தக் கோவம் மட்டும் இல்ல. அவர்கிட்ட திரும்பப் போய் உக்காந்து, ஏன்னு காரணம் சொல்லுங்க ஐயான்னு அக்காவே கேக்கட்டும்.

பெரம்பூர் லோக்கோ:

அக்கா மாறாமலே கட்டிக்கலாம், சபை தடுக்காது. ஆனா அது சாதா கல்யாணம், சாவு வரைக்கும்தான். எங்களுக்கு நித்தியத்துக்கும்னா கோயில்ல முத்திரையிடணும், அதுக்கு ரெண்டு பேருமே சபைல இருக்கணும், தசமபாகம் முழுசா குடுக்கணும், ஞான வார்த்தைய கடைப்பிடிக்கணும், பிஷப் பேட்டி எடுத்து அனுமதிச்சீட்டு தருவாரு. அந்தச் சீட்டு இல்லாத யாரும் கோயிலுக்குள்ள வர முடியாது, பெத்தவங்களா இருந்தாலும் சரி. கோயில்னா ஞாயித்துக்கிழமை போற சபைக் கட்டிடம் இல்ல, அங்க யாரு வேணா வரலாம். பெங்களூர்ல ஒரு கோயில் கட்டப் போறதா 2018ல அறிவிச்சாங்க, அது தொறக்கற வரைக்கும் நம்ம ஊர் ஆளுங்க வெளிநாட்டுக் கோயிலுக்குத்தான் போகணும். 2019ல இருந்து வெளில எல்லார் முன்னாடியும் கல்யாணம் பண்ணிட்டு உடனே கோயிலுக்குப் போகலாம்னு ஆக்கிட்டாங்க, முன்ன அமெரிக்கா மாதிரி எடத்துல ஒரு வருஷம் காத்திருக்கணும். அதனால உங்க வீட்டாளுங்க தாலி கட்டறதப் பாக்கறதுக்கு ஒரு தடையும் இல்ல.

குழந்தை விஷயத்த ஒளிக்காம சொல்லிடறேன், ஏன்னா அப்புறம்தான் சண்டை வரும். எட்டு வயசுலதான் முழுக்கு. கைக்குழந்தைக்கு பேர் வச்சு ஆசீர்வாதம் மட்டும்தான். ஆதாமோட பாவம் குழந்தை மேல இல்லைங்கிறது எங்க நம்பிக்கை, சின்னக் குழந்தைக்கு ஞானஸ்நானம் குடுக்கறது தேவன் முன்னாடி பரியாசம்னு மார்மன் புத்தகத்துல மரோனி 8ல கடுமையாவே எழுதிருக்கு. உங்க சபைல மூணாம் மாசமே தொட்டில் குழந்தைக்குத் தெளிக்கறாங்க இல்ல, பையன் வீட்டுல அதுக்கு மனசார ஒத்துக்க மாட்டாங்க. நிச்சயத்துக்கு முன்னாடியே அத பையன்கிட்ட நேரா கேட்டுடுங்க, அவங்க அம்மா அப்பாகிட்ட இல்ல, பையன்கிட்ட.