சமம் என்று சட்டம் எழுதிய பிறகும் எப்படிப் பிரித்து வைத்தார்கள்?

கானாடுகாத்தான் அம்மா:
மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். அடுத்த வாரம் காரைக்குடியில் பேச்சுப் போட்டி, அமெரிக்காவில் கறுப்பின மக்களைச் சட்டம் போட்டே ஒதுக்கி வைத்ததும் அதை எதிர்த்து நடந்த வழக்குகளும்தான் தலைப்பு. நேற்று ராத்திரி வளவில் உட்கார்ந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவள், "சட்டத்தின் முன் எல்லாரும் சமம்னு அமெரிக்க அரசியல் சட்டத்தில் 1868-லேயே 14-ஆவது திருத்தம் வந்தாச்சே, அப்புறம் 1954 வரைக்கும் கோர்ட் என்னம்மா பண்ணுச்சு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டை வக்கீல்:
கோர்ட்தான் தங்கச்சி அதற்கு வழியே போட்டுக் கொடுத்தது. லூசியானா மாநிலத்தில் 1890-ல் ரயிலில் வெள்ளையருக்குத் தனிப் பெட்டி, கறுப்பருக்குத் தனிப் பெட்டி என்று சட்டம் வந்தது. அதை உடைக்கவே நியூ ஆர்லியன்ஸில் ஒரு குழு சேர்ந்து, 1892 ஜூனில் ஹோமர் பிளெஸ்ஸி என்பவரை முதல் வகுப்பு டிக்கெட்டோடு வெள்ளையர் பெட்டியில் ஏற்றிவிட்டது. அவருக்கு எட்டில் ஒரு பங்குதான் ஆப்பிரிக்க வம்சம், ஆளைப் பார்த்தால் தெரியாது, கைது செய்ய ஒரு துப்பறிவாளரையும் குழுவே ஏற்பாடு செய்து வைத்திருந்தது. அத்தனை கவனமாக நடத்திய வழக்கு 1896-ல் உச்ச நீதிமன்றத்தில் ஏழுக்கு ஒன்று என்று தோற்றது. பிரித்தாலும் வசதி சமமாக இருந்தால் போதும், அதில் இழிவு தெரிகிறது என்றால் அது கறுப்பர்களாகவே கற்பித்துக்கொள்வது என்று பெரும்பான்மை நீதிபதிகள் எழுதினார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். நீதிபதி ஹார்லன் ஒருவர் மட்டும் அரசியல் சட்டத்துக்கு நிறம் தெரியாது என்று மறுத்து எழுதினார். பிளெஸ்ஸி 25 டாலர் அபராதம் கட்டினார்.

பள்ளத்தூர் வாத்தியார் (ஓய்வு):
அடுத்த பாதியை நான் சொல்கிறேன். சார்லஸ் ஹூஸ்டன், அவரிடம் படித்த தர்குட் மார்ஷல் ஆகிய இரண்டு வக்கீல்களும் அந்தத் தீர்ப்பை முதலிலேயே நேராக முட்டவில்லை, 'சமம்' என்று சொன்னீர்களே, அது எங்கே இருக்கிறது காட்டுங்கள் என்று ஒவ்வொரு வழக்காகக் கேட்டார்கள். ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தில் மெக்லாரின் என்று ஒரு மாணவர். கோர்ட் சொன்னதால் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் வகுப்பறையை ஒட்டிய பக்கத்து அறையில் உட்கார வைத்தார்கள். நூலகத்தில் அவருக்குத் தனி மேசை, சாப்பிடத் தனி நேரம். பாடம் மட்டும் காதில் விழும். அது செல்லாது என்று 1950-ல் தீர்ப்பு வந்தது.

தென் கரோலினாவில் கிளாரண்டன் என்ற ஊர்ப்பக்கம். வெள்ளைப் பிள்ளைகளுக்கு முப்பது பஸ், கறுப்புப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூட இல்லை, பல மைல் நடை. பெற்றோர் முதலில் கேட்டது ஒரே ஒரு பஸ்தான். அது கிடைக்காமல் போய், பிரிவினையையே எதிர்க்கும் வழக்காக வளர்ந்தபோது கையெழுத்துப் போட்ட பிரிக்ஸ் குடும்பத்தில் புருஷன், பெண்டாட்டி இரண்டு பேருக்கும் வேலை போனது. 1954 மே 17-ல் பிரவுன் வழக்கு என்று தீர்ப்பு வந்ததே, அதில் சேர்த்து விசாரித்த வழக்குகளில் இதுவும் ஒன்று. ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், பள்ளியில் பிரித்து வைப்பதே சமமின்மை என்றார்கள்.

சிவகங்கைச் சீமை:
நம் பக்கத்துக் கதையும் பாப்பாவுக்குத் தெரியட்டும். அது இனம், இது சாதி, இரண்டும் ஒன்றில்லை. ஆனாலும் கமுதிக் கோயிலுக்குள் 1897-ல் நாடார்கள் நுழைந்ததற்கு ராமநாதபுரம் ராஜா தரப்பில் வழக்குப் போட்டு, அது அந்தக் காலத்தில் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கத்தில் அவர்களுக்கு உரிமை இல்லை என்று 1908-ல் முடிந்தது. அங்கேயும் கோர்ட் பூட்டின கதவுதான். மதராஸ் மாகாணத்தில் எல்லாச் சாதி இந்துக்களுக்கும் கோயில்களைத் திறந்துவிட்ட ஆலயப் பிரவேசச் சட்டம் 1947-ல்தான் வந்தது.

கானாடுகாத்தான் அம்மா:
எல்லாருக்கும் நன்றி. அந்தப் பஸ்ஸைப் படித்துவிட்டு மகள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பேச்சை அதிலிருந்தே ஆரம்பிக்கப் போகிறாளாம், 1954-ல் முடிக்கலாம் என்கிறாள்.

பள்ளத்தூர் வாத்தியார் (ஓய்வு):
1954-ல் முடிக்க வேண்டாம்மா. வர்ஜீனியாவில் பிரின்ஸ் எட்வர்ட் என்ற கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி), பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைக்க மனமில்லாமல் 1959-ல் அரசுப் பள்ளிகள் அத்தனையையும் இழுத்து மூடிவிட்டது. வெள்ளைப் பிள்ளைகள் தனியார் பள்ளிக்குப் போனார்கள். 1964-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்டுத் திறக்கும் வரை, ஐந்து வருஷம், கறுப்புப் பிள்ளைகள் பலருக்குப் பள்ளிக்கூடமே இல்லை. அதையும் சொல்லச் சொல்லுங்கள்.