மறு: காயில் டேப், காயில் ஸ்பிளிட் – இரண்டுக்கும் ஒரே சொல்லா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

மின்கிட்டார்ச் சொற்களுக்குத் தமிழ்ப்பெயர் தேடும் நம் மடல்களில் வந்த கேள்விகளுக்குப் பதில் இது. தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் பிக்கப்பின் கம்பிச்சுருளில் செய்யும் இரண்டு வசதிகள்தான் காயில் டேப்பும் காயில் ஸ்பிளிட்டும்.

> இரண்டுக்கும் "சுருள் பிரிப்பு" என்றே வைத்துக்கொள்ளலாமே? கிட்டார் விற்பவர்களே இரண்டையும் மாற்றி மாற்றித்தானே எழுதுகிறார்கள்?

ஐயா, அவர்கள் மாற்றி எழுதுவதால்தான் வேண்டாம் என்கிறேன். அந்தக் குழப்பத்துக்கு நான் கைக்காசு கொடுத்திருக்கிறேன். "காயில் டேப் வசதி உண்டு" என்று விளம்பரத்தில் பார்த்து, யாரோ மாற்றம் செய்திருந்த பழைய கிட்டார் ஒன்றை வாங்கினேன். பின்தகட்டைக் கழற்றிப் பார்த்தால், ஹம்பக்கர் என்ற இரட்டைச்சுருள் பிக்கப்பிலிருந்து நாலு வண்ண வயரும் உறையில்லாத ஒரு வயரும் வருகின்றன. அவற்றில் இரண்டைச் சேர்த்துப் பற்றவைத்து, டோன் குமிழின் அடியிலுள்ள ஸ்விட்சுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். குமிழை மேலே இழுத்தால் அந்தச் சந்திப்பு எர்த் ஆகிவிடும், ஒரு சுருள் ஊமையாகிவிடும். மீட்டரில் 8 கிலோ ஓம் அளவில் நின்றது பாதியாக இறங்கியது. கூடவே "ஙொய்" என்று இரைச்சல். அது டேப் இல்லை, ஸ்பிளிட்.

இரைச்சல் வந்தது ஏன் என்பதில்தான் சொல்லுக்கான விடையும் இருக்கிறது. ஹம்பக்கரில் இரண்டு சுருள்கள். மின்னோட்டம் ஓடும் திசையும் காந்த முனையும் ஒன்றுக்கொன்று எதிர். அதனால் தந்தியின் அதிர்வு இரண்டிலும் கூடும், சுற்றுப்புற மின்கம்பிகளின் ரீங்காரம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஜோடியைப் பிரித்தால் அந்த ஒழிப்பும் போச்சு. ஆகவே ஸ்பிளிட்டுக்குப் "பிரிப்பு" மிகப் பொருத்தம்.

டேப் வேறு சங்கதி. இருப்பது ஒரே சுருள். தலைமயிரை விட மெல்லிய செப்புக்கம்பி சில ஆயிரம் சுற்று. சுற்றிக்கொண்டே வரும்போது பாதி வழியில் ஒரு வயரை வெளியே எடுத்துவிடுகிறார்கள். முழுச் சுருளையும் பயன்படுத்தினால் ஒலி பலமாக, தடிப்பாக இருக்கும். நடுவில் எடுத்த வயரைப் பயன்படுத்தினால் சுற்று குறைவு, ஒலியும் குறைவு, ஆனால் கணீரென்று இருக்கும். இங்கே பிரிக்க என்ன இருக்கிறது?

என் முன்மொழிவு: இடைமடை. கடைமடை நமக்குத் தெரிந்த சொல். வாய்க்கால் தண்ணீர் கடைசிவரை போகாமல் நடுவிலேயே திறந்துவிட்டால் அது இடைமடைதானே. "இடைமுனை" என்று அக்கா ஒருவர் எழுதியிருந்தார். அதில் பிழையில்லை. ஆனால் அது ஓர் இடத்தைக் குறிக்கிறது, அங்கிருந்து எடுப்பதைக் குறிக்கவில்லை.

> ஹம்பக்கரின் இரண்டு சுருளும் சேரும் இடமும் ஒரு இடைமடைதானே?

நல்ல கேள்வி. சுற்றுப்படத்தில் பார்த்தால் ஆமாம், குழப்பம் பிறந்த இடமே அதுதான். ஆனால் சொல்லைத் தேடி வருபவர் கிட்டார் வாசிப்பவர். இரைச்சல் ஒழிப்பு போய்விடுமா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். பிரிப்பில் போய்விடும். ஒற்றைச் சுருளின் இடைமடையில் போவதற்கு முதலிலேயே ஒன்றும் இல்லை.

பிக்கப்புக்கு "ஒலிவாங்கி" என்ற பரிந்துரையை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். அது மைக். காந்தப் பிக்கப் காற்றில் வரும் ஒலியைக் கேட்பதில்லை. இரும்புத் தந்தி அசையும்போது காந்தப்புலம் மாறுவதைத்தான் உணர்கிறது. நைலான் தந்தி மாட்டிப் பாருங்கள், சத்தமே வராது. "தந்தியுணரி" எனக்குச் சம்மதம். பேச்சில் பிக்கப் என்றே சொல்லிக்கொண்டிருப்பேன், அது வேறு விஷயம்.

ட்ரெமொலோ என்றால் ஒலியளவு அசைவது, வைப்ரேட்டோ என்றால் சுருதி அசைவது. இவற்றை எழுத்துப்பெயர்ப்பாக அப்படியே எடுத்தால் ஃபெண்டர் கிட்டார் கம்பெனி செய்த தவறையும் சேர்த்து எடுத்துக்கொள்வோம். 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் கைப்பிடி சுருதியை அசைக்கிறது. அதற்கு வைத்த பெயர் ட்ரெமொலோ. 1960-களின் பல ஃபெண்டர் ஆம்ப்களில் "வைப்ரேட்டோ" என்று எழுதிய குமிழ் அசைப்பதோ ஒலியளவை. இரண்டும் தலைகீழ்! சுருதியசைவு, அளவசைவு என்று செயலைப் பார்த்துப் பெயர் வைத்தால் நமக்கு இந்தத் தொல்லை இல்லை.

பி.ஏ.எஃப். (Patent Applied For) என்று கிப்சன் கம்பெனியின் பழைய ஹம்பக்கரை அழைப்பது பற்றி ஒரு வரி. அதை மொழிபெயர்க்க வேண்டாம். கிப்சனின் சேத் லவர் ஹம்பக்கருக்கு 1955இல் காப்புரிமை கேட்டார், 1959இல் கிடைத்தது. "காப்புரிமைக்கு விண்ணப்பித்துள்ளது" என்று அடியில் ஒட்டிய சீட்டே பட்டப்பெயராகிவிட்டது. பட்டப்பெயரை யாராவது மொழிபெயர்ப்பார்களா?

மிச்சம் இருப்பது ரெலிக். "தொன்மைப்பொருள்" சரிவராது, அது புதுக் கிட்டார். தொழிற்சாலையிலேயே பெயின்டைச் சுரண்டி, உலோகத்தை மங்கவைத்து, ஐம்பது வருடம் வாசித்தது போலக் காட்டுகிறார்கள். "பொய்த்தேய்வு" என்பது உண்மைதான், ஆனால் ஆசையாக வாங்கியவரை அடிப்பது போல இருக்கிறது. "மூப்பூட்டிய கிட்டார்" எப்படி? தானாக வயதானதை "மூத்த கிட்டார்" எனலாம், ஓரெழுத்தில் ஏமாற வழியில்லை. மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.

இழுத்தால் ஸ்விட்சாகும் அந்தக் குமிழுக்கு "இழுகுமிழ்" என்று போன மடலில் ஒருவர் எழுதியிருந்தார். யாரும் மறுக்கவில்லை. நான் அதைப் பயன்படுத்தத் தொடங்கியே விட்டேன்.

அன்புடன்.